சத்தம் வராத கட்டை

இரண்டு சனிக்கிழமைக்கு முன்னால் ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். கையை மட்டும் நீட்டினாள்.

"பேப்பர குடு."

"இன்னா பேப்பரு?"

"பாட்டு எழுதிக் குடுத்தேனே, மூணு மாசம் முன்னாடி... அந்தப் பேப்பரு. சாம்சன் கைல குடுக்கப் போறேன். அவன் ரெண்டு நாள்ல மெட்டு போட்டுடுவானாம்."

எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவள் ஸ்டெல்லா. வார நாட்களில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் சூப்பர்வைசர். நான் அதே சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீபோர்டு. சர்ச்சுக்குள் அவளுக்கு நான் 'பிரதர்'. கேட்டைத் தாண்டினால் 'யோவ்'.

அறுப்பின் பண்டிகை என்றால், விளைச்சலில் ஒரு பங்கைச் சர்ச்சில் காணிக்கையாக வைக்கும் நாள். ஒவ்வொரு வருடமும் அதற்கு ஒரு புதுப்பாட்டு. அவள் எழுதுவாள், நான் மெட்டுப் போடுவேன். பதினைந்து வருடமாக இதுதான் வழக்கம். இந்த வருடம் பண்டிகைக்கு எட்டே நாள். என்னிடம் மெட்டு இல்லை.

சாம்சன் எங்கள் சர்ச்சுப் பையன், நல்ல பையன்தான். பென்டிரைவில் ரெடிமேடாக ஆயிரம் ட்ராக் வைத்திருக்கிறான். ஒரு முறை அவன் மெட்டுப் போட்டால், அடுத்த வருடமும் அவன்தான். பிறகு அந்தக் கீபோர்டு ஸ்டூலும் அவனுக்குத்தான். அது போனால் நான் யார்? வாரம் ஏழு நாளும் வெறும் பிட்டர்.

ஏன் மெட்டு வரவில்லை?

இதை அழகாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். வெறுமை, மௌனம், காத்திருப்பு என்று என்னென்னவோ எழுதுவார்கள். எனக்கு அது மலச்சிக்கல் மாதிரிதான் இருந்தது. உட்காருவேன். வராது. எழுந்துவிடுவேன்.

அது போதாதென்று வீட்டுக் கீபோர்டில் ஒரு கட்டை செத்துப்போனது. நட்டநடுவில் இருக்கும் 'ஸ'. பாட்டு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து இறங்கும் சுரம். அழுத்தினால் 'டொக்' என்று பிளாஸ்டிக் சத்தம் மட்டும் வரும்.

சர்வீஸ்காரர் திறந்து பார்த்தார். உள்ளே ரப்பர் தேய்ந்துவிட்டது, இந்த மாடலுக்கு இப்போது பார்ட் வருவதில்லை, புதுசு வாங்கிடுங்க சார் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மொபைலை எடுத்துவிட்டேன். எனக்குத் தேவைப்பட்டது 'புதுசு' என்ற அந்த ஒரு வார்த்தைதான்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் செய்தது என்ன? ஆராய்ச்சி. புது கீபோர்டு விமர்சனம் பார்ப்பது. யூடியூபில் ஒருத்தன் பெட்டியைப் பிரிப்பதற்கே பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறான், வாசிப்பது அரை நிமிடம். அதையும் முழுசாகப் பார்த்தேன். ஒன்றுக்கு மூன்று முறை.

கீபோர்டு பெரிய செலவு, யோசித்து வாங்கலாம் என்று ஒத்திப்போட்டேன். அதுவரை சும்மா இருக்க முடியுமா? ஹெட்போன் வாங்கினேன். அதைச் சொருக ஒரு இன்டர்பேஸ். அது இருக்கும்போது நல்ல மைக் இல்லாமல் எப்படி? வாங்கினேன். அபாரமான மைக். பக்கத்து வீட்டு மிக்ஸி, லோக்கல் ட்ரெயின் ஹாரன், என் மனைவி சமையலறையிலிருந்து என்னைத் திட்டுவது... எல்லாவற்றையும் துல்லியமாகப் பதிவு செய்தது. பாட்டு மட்டும்தான் அதில் இல்லை.

கீபோர்டுக்காரர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. அதில் நாள் முழுக்க டோன் பரிமாறிக்கொள்வோம். ஷெனாய் டோன், புல்லாங்குழல் டோன், வயலினில் மட்டும் முப்பது வகை. காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்ப்பேன். மூன்று மாதத்தில் யாராவது "நான் ஒரு பாட்டு போட்டேன், கேளுங்கள்" என்று அனுப்பியிருக்கிறார்களா? ஒருத்தனும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் மனைவி எஸ்தர் ஒரு நாள் கேட்டாள்.

"பாட்டு எப்ப வரும்?"

"புது கீபோர்டு வந்தா வரும்."

"அப்ப பாட்ட உள்ள வெச்சி பேக் பண்ணி அனுப்புறானா அவன்?"

உடனே பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது.

சிரிக்காதீர்கள். ஷூ வாங்கிவிட்டு வாக்கிங் போகாதவர் நீங்கள். தையல் மெஷின் வாங்கி அதன் மேல் துணி மடித்து வைத்திருப்பவரும் நீங்கள்தான். வாங்குவதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. அதில் தோற்கவே முடியாது. பார்சல் வந்தே தீரும். ஆனால் பாட்டுப் போட உட்கார்ந்தால் தோற்கலாம். அந்தப் பயம்தான் இந்தக் கடைகளுக்கு எல்லாம் வாடகை கட்டுகிறது.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"எட்து போ. கீபோர்டு ரிப்பேரு. நான் இன்னா பண்ணுவேன்?"

"கீபோர்டு ரிப்பேரா, நீ ரிப்பேரா?" என்றாள். பேப்பரைப் பிரித்தாள். "இது ஒரு மேட்டரா உனக்கு? இப்பப் பாரு."

பாட ஆரம்பித்தாள். 'வயல்வெளி எங்கும் கதிர்மணி தந்த வல்லவர் நீர் ஐயா.' அவள் எழுதிய புது வரி. மெட்டு, போன வருடம் நான் போட்டது. கச்சிதமாக உட்கார்ந்தது.

"இது போன வருஷம். இப்ப அதுக்கு முந்துன வருஷம்." அதே வரியை அந்த மெட்டில் பாடினாள். அதிலும் உட்கார்ந்தது. "கொரோனாவுக்கு அடுத்த வருஷம்." உட்கார்ந்தது. "உன் மொதல் பாட்டு." அதிலும்.

சமையலறையிலிருந்து எஸ்தர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இன்னாயா இது? ஒரே ஜாக்கெட்டு ஊர்ல இருக்கிற அத்தினி பேருக்கும் கரெக்டா கீது!" என்றாள் ஸ்டெல்லா.

எனக்குக் காது சுட்டது. பதினைந்து வருடம் பதினைந்து பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே பாட்டு. உள்ளுக்குள் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, மூன்று மாதமாக உட்காரவே பயந்தேன்.

கோபத்தில் திருப்பிக் கேட்டேன். "அது எப்டி எல்லாத்துலயும் உக்காருது? நீ எப்டி எழுதுற?"

"எப்டி எழுதுவாங்க? போன வருஷப் பாட்ட முணுமுணுத்துக்கினே எழுதுவேன். அளவு தெரிய வேணாமா?"

"எல்லா வருஷமுமா?"

"எல்லா வருஷமுந்தான்..." என்றவள் பாதியில் நிறுத்தினாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் என் பழைய மெட்டைப் பாடிக்கொண்டே எழுதுகிறாள். அந்த வார்த்தைகளை வைத்து நான் புது மெட்டுத் தேடுகிறேன். அது சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வருகிறது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு செக்கு இழுத்திருக்கிறோம். இதற்கு எந்தக் கடையில் கீபோர்டு விற்கிறார்கள்?

ஸ்டெல்லா அந்தச் செத்த கட்டையை அழுத்தினாள். டொக்.

"மத்ததுலாம் நல்லா கீதே. இது மட்டும் ஏன் செத்துச்சி?"

இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. என் மாதிரி ஆட்களுக்கு ஒரு ஸ்கேல்தான் ஒழுங்காக வாசிக்கத் தெரியும். பாடுபவர் குரல் ஏறினாலும் இறங்கினாலும் நாங்கள் விரலை மாற்ற மாட்டோம். ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் மெஷினே சுருதியை மாற்றிக்கொள்ளும். ஆக, எந்தப் பாட்டாக இருந்தாலும் என் விரல் வந்து இறங்குவது அந்த ஒரே கட்டையில்தான். பதினைந்து வருடமாக.

கம்பெனியில் ஒரு பேரிங் தேய்ந்தால் நான் முதலில் என்ன கேட்பேன்? லோடு எங்கே விழுகிறது என்று கேட்பேன். அதைச் சரிசெய்யாமல் புது பேரிங் போட்டால் அதுவும் அதே இடத்தில்தான் தேயும். இதைப் புரிந்துகொள்ளாத ட்ரெயினிகளை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். வீட்டில் கட்டை தேய்ந்ததும் எனக்குத் தோன்றியது, புது கட்டை வேண்டும் என்பது மட்டும்தான்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. வேறு விதமாகக் கத்தினேன்.

"நீ மொதல்ல எழுத்த மாத்து! வயல்வெளியாம், கதிர்மணியாம். உனக்கு எங்க வயலு கீது? உங்கப்பாவுக்கு இருந்துச்சா?"

சொன்ன பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று தெரிந்தது. எஸ்தர் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இல்ல," என்றாள் ஸ்டெல்லா. "எங்கப்பா அடுத்தவன் வயல்ல அறுத்தாரு. நான் அடுத்தவன் கம்பெனில பெட்டி ஒட்டுறேன். உங்கூட்டு ஆளுங்களும் அதானே? நம்ம சர்ச்சுல எத்தினி பேருக்குய்யா சொந்தமா நெலம் கீது? ஆனாலும் வருஷா வருஷம் காணிக்கன்னு எடுத்தாந்து வெக்கிறோம் இல்ல? இன்னாத்த வெக்கிறோம்?"

"அத்த எழுது."

"இன்னாது?"

"இப்ப சொன்னியே, அத்த. பழைய பாட்ட முணுமுணுக்காம எழுது."

அப்போதுதான் உட்கார்ந்தாள். பேப்பரைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள். அடித்தாள். எழுதினாள். கால் மணி நேரம் கழித்து நீட்டினாள்.

'வயலில்லை எனக்கு, வாரமெல்லாம் ஷிப்டு. கையில் இருப்பது இவ்வளவுதான், ஆண்டவரே.'

அளவு கோணல்மாணல். என் பழைய மெட்டு எதிலும் ஏறவில்லை. கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன். 'ஆண்டவரே' வந்ததும் விரல் பழக்கத்தில் போய் இறங்கியது. டொக். மறுபடி. டொக். மூன்றாவது முறை எரிச்சலில் ஒரு கட்டை தள்ளி மேலேயே நின்றுவிட்டேன். பாட்டு முடியவில்லை. கேள்வி கேட்டுவிட்டு வாசலில் நிற்பதுபோல நின்றது.

"அங்கயே நில்லு," என்றாள் ஸ்டெல்லா. "எறங்காத."

மீதிப் பாட்டு அன்று சாயங்காலத்துக்குள் முடிந்தது. இரண்டு முறை டீ, ஐந்து முறை சண்டை. எஸ்தர் ஒரு சரணத்தில் ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னாள். மாற்றினோம். அவள் சொன்னதுதான் சரி.

புது கீபோர்டா? வாங்கத்தான் போகிறேன். எப்போதாவது சர்ச் ஆட்கள் வாசிக்கக் கூப்பிடும் கல்யாண ரிசப்ஷனில் பாட்டுக்கு நடுவில் டொக் டொக் என்று கேட்டால் மொய் எழுத வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். கருவி வேண்டாம் என்று உபதேசம் செய்ய நான் யார்? பாட்டு வராததற்கு அதன் மேல் பழி போடக் கூடாது, அவ்வளவுதான்.

பண்டிகை ஞாயிறு வந்தது. காணிக்கை மேஜையில் எண்ணெய் பாக்கெட், சர்க்கரை, பிஸ்கட் டப்பா, இரண்டு பூசணி, கம்பெனி கொடுத்த கிப்ட் பாக்ஸ் பிரிக்காமல் அப்படியே. சர்ச் கீபோர்டில் எல்லாக் கட்டையும் நன்றாக வேலை செய்யும். அதுதான் ஆபத்து. கடைசி வரியில் என் விரல் தானாகவே 'ஸ'வை நோக்கிப் போனது. ஸ்டெல்லா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கையை எடுத்துவிட்டேன்.

பாட்டு நின்றது. யாருக்கும் முடிந்துவிட்டது என்று தெரியவில்லை. போதகர் புத்தகத்தைத் திறந்தபடி காத்திருந்தார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னிடம் குனிந்து, "இன்னா நைனா, கரண்ட் போய்ச்சா?" என்றார். யாரோ கண்ணைத் துடைத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒருவரும் துடைக்கவில்லை.

ஆனால் பந்தியில் சாம்பார் வாளியோடு போன சாம்சன் 'வயலில்லை எனக்கு' என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். கடைசியில் அவனாகவே கீழே இறக்கி முடித்துக்கொண்டான். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் ஸ்டெல்லா. ஒரு வாய் சாப்பிட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சி. அடுத்த வருஷமும் இதே மெட்ட தூக்கிக்கினு வந்த... செருப்பு பிஞ்சிடும், பிரதர்."

எங்கள் பக்கத்தில் பாராட்டு என்றால் இதுதான். மற்றதெல்லாம் லைக்.