நீர் மாத்திரையும் வாரச்சந்தையும்

டி.எம். கார்டியாலஜி முடித்து, தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்த புதிதில் எனக்குத் தலைக்கனம் அதிகம். எக்கோ ஸ்கேனில் இதயத்தை ஒரு பார்வை பார்த்தால் நோயாளியின் முழு ஜாதகமும் தெரிந்துவிடும் என்று நினைப்பு. அதை உடைத்தவர் முனியம்மா.

மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கிராமம். வாரச்சந்தைகளில் காய்கறி விற்பவர். இதயத்தின் பம்ப் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்க வந்தார். அட்மிட் செய்து, தேங்கிய தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையைக் கொடுத்தேன். நான்கே நாளில் வீக்கம் வடிந்து வீட்டுக்குப் போனார். மூன்று வாரத்தில் அதே வீக்கத்தோடு திரும்பினார். டோஸை ஏற்றினேன். மறுபடியும் வந்தார். இந்த முறை ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை இப்படி வந்தால் பிழைப்பாரா என்று எனக்கே பயம்.

மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டால், "போடறேனுங்க சார்" என்பார். நானும் நம்பி, கேஸ் ஷீட்டில் 'டையூரெடிக் ரெசிஸ்டன்ஸ்', அதாவது நீர் மாத்திரைக்கு உடல் மசியவில்லை என்று பெருமையாக எழுதினேன். எங்கள் வார்டு சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, இங்கே மட்டும் அதே மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்.

அன்றுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழுந்ததிலிருந்து நாள் முழுக்க என்ன செய்வீர்கள் என்று முனியம்மாவிடம் கேட்டேன். அவர் முதலில் சிஸ்டரைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"விடியறதுக்குள்ள பஸ் ஏறுனா மூணு மணிக்குத்தான் வூட்டுக்கு வருவேனுங்க. காலையில அந்த மாத்திரையப் போட்டா அரை மணிக்கு ஒருக்கா எந்திரிக்கணும். சந்தையில பொம்பளைங்க எங்கீங்க ஒதுங்கறது? அதான் சந்தைக்குப் போகாத நாள்ல மட்டும் போடறேனுங்க."

வாரத்தில் ஆறு நாள், ஆறு ஊர்ச் சந்தை. நான் டோஸை ஏற்ற ஏற்ற, அவர் மாத்திரையைப் பார்த்தே பயந்திருக்கிறார். 'காலையில்' என்று எழுதியது நான்தான். வெட்கமாக இருந்தது. டோஸைப் பழையபடி குறைத்து, நேரத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றினேன்.

அடுத்த மாதம் ஓ.பி.க்குத் தானே படியேறி வந்தார், ஒரு பை கத்தரிக்காயோடு. இப்போது மாத்திரை நன்றாகக் கேட்கிறதே என்றேன்.

"மாத்திர அப்பவும் நல்ல மாத்திரதானுங்க சார். நீங்கதான் கேக்கல."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நானும் சிரித்துவிட்டேன்.

காலையில் எங்கே இருப்பீர்கள், அங்கே பாத்ரூம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இன்றும் நீர் மாத்திரை எழுதுகிறேன். ஜூனியர் டாக்டர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முனியம்மா அதற்குப் பின் ஒரு தடவைகூட அட்மிட் ஆகவில்லை.