மாடி ஸ்பீக்கரில் என் குரல்

எங்கள் தெருவுக்கு ஒரு ப்ளூடூத் பாதுகாப்பு மந்திரி உண்டு. அது நான்தான். யாரும் நியமிக்கவில்லை. தெரியாத கருவி இணையக் கேட்டால் மறுத்துவிடுங்கள், வேலை முடிந்ததும் ப்ளூடூத்தை அணையுங்கள், பழைய இணைப்புகளை அழியுங்கள் என்று மந்தைவெளி மார்க்கெட்டில் கீரை வாங்குகிறவர்களைக்கூட நிறுத்திச் சொல்வேன்.

மாடியில் வீட்டுக்கார மாமி, கீழே வாடகைக்கு நாங்கள். ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளி இரண்டு தெரு தள்ளி. எப்படியாவது இன்னும் ஒரு வருடம் அங்கேயே ஓட்டிவிட வேண்டும். மாமியோ, "கொலு முடியட்டும், சொல்றேன்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். அதனால் மாமி வாயைத் திறந்து பாட ஆரம்பித்தாலே நான் தலையாட்டிவிடுவேன்.

கொலுவுக்குப் புது ஸ்பீக்கர் வாங்கினார். என் போனில் இணைத்துச் சோதித்துக் கொடுத்தேன். என் உபதேசங்களையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

மூன்றாம் நாள் மாலை மாடியில் கூட்டம். நான் கீழே உட்கார்ந்து அக்காவுக்கு ஒரு குரல் பதிவு செய்தேன். "மாமி மயிலாப்பூர்ல ஆரம்பிச்சா சுருதி கிண்டில போய் நிக்குது. அக்ரிமெண்டுக்காகத்தான் ஆஹா ஓஹோன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்." அனுப்புமுன் போட்டுக் கேட்டேன். சத்தமே வரவில்லை. ஒலியைக் கூட்டினேன். ஊஹூம். முழுசாகக் கூட்டி மூன்றாம் முறை போட்டபோதுதான் மாடியிலிருந்து என் குரல் கேட்டது.

மாமி, நான் சொன்னபடியே, பாட உட்காருமுன் தன் போனில் ப்ளூடூத்தை அணைத்திருக்கிறார். சும்மா நின்ற ஸ்பீக்கர், முதல் நாள் பழகிய என் போனோடு ஒட்டிக்கொண்டது. பழைய இணைப்பை அழிக்காத ஆள் அந்தத் தெருவிலேயே ஒருவர்தான்.

ஓடினேன். சுண்டல் கிண்ணத்தோடு பத்துப் பெண்கள் என்னையே பார்த்தார்கள். மாமி திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன்.

"நன்னா இருக்குன்னு நீங்க சொன்னேளேன்னுதான் கோயில் கச்சேரிக்குப் பேர் குடுத்தேன்," என்றார், மெதுவாக. எனக்குக் கூசிப்போயிற்று. பிறகு ஸ்பீக்கரை நீட்டினார்.

"இதுலேருந்து உங்க போனை எடுத்துடுங்கோ. மாசக் கடைசிக்குள்ள ஆத்தையும் காலி பண்ணிடுங்கோ."

மகள் மிச்ச வருடம் முழுக்கத் திருவான்மியூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள். மாமி கச்சேரிக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம்.