புத்தகத்தில் அவள் சம்மதிக்கவில்லை

வார்டில் எல்லோரும் அவளைக் காட்டேரி என்றுதான் கூப்பிட்டார்கள். காலை ஆறு மணிக்குத் தட்டும் கையுமாக வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி, ரப்பர் பட்டையைக் கட்டி ரத்தம் எடுக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவள் கோபப்பட்டதில்லை. "கொஞ்சம்தான் எடுப்பேன், மிச்சத்தை நீங்களே வெச்சுக்கோங்க" என்பாள். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். அதனால் அந்தப் பெயரில் கொஞ்சம் பிரியமும் இருந்தது.

அவளுக்குப் பிடித்ததும் ரத்தக்காட்டேரிக் கதைதான். தடித்தடியாக ஐந்து நாவல்கள். பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, வேலைக்கு வரும் பஸ்ஸில் நின்றபடியே இரண்டு முறை படித்திருந்தாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். வயரிங் படங்களைத் தவிர வேறெதையும் படித்தவனில்லை. நாற்பத்தாறு வயதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போயின. இதயமும் பலவீனம் என்பதால் மாற்று அறுவைக்கு வழியில்லை என்றார்கள். வாரத்தில் மூன்று நாள், அவள் வேலை பார்க்கும் அதே மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு படுத்திருப்பான். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கயிறு போலப் புடைத்திருந்தது. ஊரார் கையையெல்லாம் பிடித்துப் பார்க்கிறவள், அந்தக் கையை மட்டும் பார்க்க மாட்டாள்.

அந்த நாவல்கள் தொலைக்காட்சித் தொடராக வந்தது அப்போதுதான். அவன் அதை போனில் பார்க்கத் தொடங்கினான். டீ இடைவேளையில் அவளும் வந்து உட்காருவாள். இயர்போனில் ஒன்று அவன் காதில், ஒன்று இவள் காதில்.

"இவனா காட்டேரி?" என்றாள் முதல் நாளே. "புத்தகத்துல பல்லு மஞ்சளா இருக்கும். ஈர மண்ணு வாடை அடிக்கும். இவன் சவரக்கத்தி விளம்பரத்துக்கு வந்தவன் மாதிரி இருக்கான்."

"பாக்க லட்சணமா இருந்தா உனக்கென்ன நஷ்டம்?"

நாவல்களில் கதையைச் சொல்வதே காட்டேரிதான். தான் செய்ததையெல்லாம் வெட்கத்தோடு சொல்வான். தொடரில் அந்த வெட்கம் போய், கறுப்புக் கோட்டு வந்திருந்தது. நாவலில் வீட்டுக்காரர் கூப்பிடாமல் அவனால் வாசலைத் தாண்ட முடியாது. தொடரில் ஏழாவது வாரமே ஜன்னலை உடைத்துக்கொண்டு குதித்தான். அன்று முழுக்க அவள் பொருமினாள்.

"விதின்னு ஒண்ணு வெச்சா அத மதிக்கணும் இல்ல?"

"எனக்கு இந்தக் கட்டில்ல நாலு மணி நேரம் போகணும். அவன் எப்படி வந்தா என்ன?" என்றான் அவன். அந்தச் சண்டைகள்தான் டயாலிசிஸில் கழிந்த மூன்று வருடத்தில் அவர்களுக்கு நல்ல நேரம்.

கதையில் காட்டேரிக்கு ஒரு மனைவி உண்டு. சாதாரண மனுஷி. அவளுக்கு வயதாகிறது, நோய் வருகிறது. அவன் அவள் கழுத்தில் கடித்தால் அவளுக்குச் சாவே கிடையாது. தொடரின் மூன்றாம் பருவத்தில் அவள் சம்மதித்தாள். வயலின் இசைக்க, அவள் முகச்சுருக்கமெல்லாம் மறைந்தது.

"புத்தகத்துலயும் இப்படித்தானா?" என்று கேட்டான் அவன்.

"அது வேற மாதிரி. விடுங்க."

"எல்லாத்துக்கும் புத்தகம் புத்தகம்னு உயிர எடுப்பே. இப்ப மட்டும் என்ன?"

மறைக்கிற அளவுக்கு அவளுக்குச் சாமர்த்தியம் போதவில்லை. "அவ வேணாங்குறா. போதும், என்னை என் போக்குல விட்டுருன்னு சொல்றா. அவன் கடைசி வரைக்கும் பக்கத்துல உக்காந்திருக்கான்."

அவன் போனை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தான். "அதுதான் சரியா இருக்கு" என்றான்.

நான்கு மாதம் கழித்து, இரண்டாம் முறை தொற்று வந்து காய்ச்சலில் கிடந்து எழுந்தபின், டாக்டரிடம் சொன்னான்: டயாலிசிஸ் வேண்டாம். டாக்டர் இரண்டு முறை உட்காரவைத்துப் பேசினார். மனநல மருத்துவரும் வந்து பார்த்துவிட்டு, தெளிவாகத்தான் இருக்கிறார் என்றார்.

"நான் அந்தக் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது" என்று அழுதாள் அவள்.

"பைத்தியம். கதையக் கேட்டுட்டா இதை முடிவு பண்ணேன்? எத்தனை மாசமா மனசுல வெச்சிருந்தேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல." கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு முழு செம்பு தண்ணி குடிக்கணும்மா, அளக்காம" என்றான்.

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் பாதிதான் குடித்தான்.

அவனை வீட்டுக்குக் கூட்டி வந்ததும், அவன் தங்கை செய்தி கேட்டு ஓடிவந்தாள். துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். அண்ணன் என்றால் உயிர். கட்டிலருகே பேசாதிருந்தவள், சமையலறையில் இவள் அந்தப் புத்தகக் கதையைச் சொல்லி அழுததும் வெடித்தாள். "கண்ட புத்தகத்தையும் படிச்சிட்டு நீங்கதான் அண்ணி அவன் மனசைக் கலைச்சிட்டீங்க." அதே வார்த்தையை இவளும் தனக்குத்தானே நூறு தரம் சொல்லியிருந்தாள்.

வீட்டில் அவன் பதினோரு நாள் இருந்தான். ஐந்தாம் நாவலை வாசித்துக் காட்டவா என்று கேட்டாள்.

"வேணாம். தொடரையே போடு. அது பொய்யின்னு தெரிஞ்சு பாக்குறது சுகமா இருக்கு."

பகல் வெளிச்சத்தில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார்கள். அவள் எதையும் குறை சொல்லவில்லை. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. "என்ன, வாயே திறக்க மாட்டேங்குற? பல்லு மஞ்சளா இல்லைன்னாவது சொல்லு" என்றான். ஒன்பதாம் நாளிலிருந்து தூக்கமே அதிகம். பதினோராம் நாள் பிற்பகல், ஓடிக்கொண்டிருந்த பகுதி முடிந்ததை அவன் அறியவில்லை. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

இருபது நாள் கழித்து வேலைக்குத் திரும்பினாள். முதல் நோயாளிக்கு மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர், "காட்டேரிக்குப் பசி போயிருச்சு போல" என்று சிரித்தார். விஷயம் தெரிந்த நர்ஸ் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். தனக்கு இரண்டாவது மாடியில் வேலை வேண்டாம் என்று இவள் எழுதிக் கொடுத்தாள். ஆள் பற்றாக்குறை என்று பதில் வந்தது.

தங்கை ஏழு மாதம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். எதற்கென்று சொல்லாமல் அலமாரியைத் திறந்து, அண்ணனின் சட்டைகளை வெளியே எடுத்து ஒவ்வொன்றாக மடித்தாள். கடையில் மடிக்கிற மாதிரியே, காலர் நிமிர, கை உள்ளே போக.

"ஒண்ணு எடுத்துக்கட்டுமா அண்ணி?"

"ரெண்டு எடுத்துக்கோ."

ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டாள். மீதியை அலமாரியில் அடுக்கிவிட்டு, டீ வேண்டாம் என்று கிளம்பினாள். அண்ணியும் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனாள்.