பதினேழாம் எண் செடி

என் வாழ்க்கையில் ஒரே ஒருவரைத்தான் பழிவாங்கியிருக்கிறேன். அதற்குப் பல வருடங்கள் பிடித்தன. அவசரப்படவில்லை.

எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்துக்குக் கிழக்கே மேடவாக்கம் போகும் சாலையில் இருந்த ஒரு தீவனப்பயிர் பண்ணையில் தற்காலிக உதவியாளராக வேலை பார்த்தேன். மாடுகளுக்கான புல் ரகங்களை உருவாக்குவதுதான் அங்கே வேலை. கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டுச் சேர்த்தால் ஒரு புல் வரும். அதற்கு விதை பிடிக்காது. கரும்பைப் போலக் கரணை வெட்டித்தான் நட வேண்டும். அதனால் ஒரு செடியிலிருந்து எத்தனை ஆயிரம் கரணை வெட்டி நட்டாலும் எல்லாம் அதே செடிதான்.

மார்கழிப் பனியில், விடிந்தும் விடியாத நேரத்தில் வயலுக்குப் போய், காகிதப் பை மாட்டிய கம்புக் கதிர்களில் நேப்பியர் மகரந்தத்தைத் தட்டிவிடுவேன். இரண்டு வருட வேலையில் நாற்பது செடி தேறின. அதில் பதினேழாம் எண் தனியாக நின்றது. இலையில் மேலே பட்டால் அரிக்கும் சுணையே கிடையாது. தண்டு நகம் பட்டால் உடையும். தினமும் அதன் உயரத்தையும் அடியில் கிளைக்கும் தூர்களின் எண்ணிக்கையையும் நோட்டில் குறித்துவந்தேன்.

"என்னம்மா, எப்பப் பார்த்தாலும் பதினேழு பதினேழுன்னு அதையே சுத்திட்டிருக்க?" என்பார் பண்ணையின் தலைமை விஞ்ஞானி. சிரித்துக்கொண்டுதான் கேட்பார்.

பிறகு எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம் கழித்துப் போனபோது என் நாற்பது செடிகளும் இருந்த இடம் உழுது கிடந்தது.

"ஃபீல்டு தேவைப்பட்டுச்சும்மா. நீ டெம்பரரிதானே, சொல்லி அனுப்ப முடியல" என்றார். நோட்டுகளைக் கேட்டேன். "அது ஆபீஸ் ரெக்கார்டு." அடுத்த மாதம் என் வேலை நீட்டிக்கப்படவில்லை.

ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது. சிட்லபாக்கம் ஏரிக்கரை ஓரமாக மாடு வைத்திருந்த ஒரு அக்காவிடம்தான் எங்கள் வீட்டுக்குப் பால் வாங்கினோம். காமாலைக்கு முன்பே பதினேழின் நாலு கரணைகளை அவருக்குக் கொடுத்திருந்தேன்.

மூன்று வருடம் கழித்து, ஒருநாள் செய்தித்தாளில் அந்தத் தலைமை விஞ்ஞானியின் படம் வந்தது. கையில் ஒரு கட்டுப் புல். மென்மையான தண்டு, நல்ல விளைச்சல், பல வருட உழைப்பில் உருவான புதிய ரகம் என்று அவரே சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நகரத்துக்குள் ஒரு ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். டி.என்.ஏ.வை வைத்துப் பயிர் ரகங்களை ஒப்பிடும் முறை அப்போதுதான் அங்கே வந்திருந்தது. வழிகாட்டியாக இருந்த மேடம் நெல்லை எடுக்கச் சொன்னார். "நான் புல்லு எடுத்துக்கறேன் மேடம்" என்றேன். காரணம் சொல்லவில்லை.

பத்து ரகங்களைச் சேகரித்தேன். செய்தித்தாளில் வந்த அந்த ரகத்துக்காக மேடத்தின் கடிதத்தோடு பழைய பண்ணைக்கே போனேன். "படிக்கிறியா? குட், குட்" என்று சொல்லி, கரணை கொடுக்கும் தாளில் தலைமை விஞ்ஞானியே கையெழுத்துப் போட்டார்.

பிறகு, இலை ஆய்வகம் வரும்வரை வாடாமல் இருக்க, தாம்பரம் மார்க்கெட் மீன் கடையில் ஐஸ் வாங்கிக்கொண்டு சிட்லபாக்கம் போனேன்.

"இன்னாம்மா, குட்த்ததத் திருப்பிக் கேக்க வந்துகீறியா?" என்றார் அந்த அக்கா.

"ரெண்டு இலை போதும்க்கா."

"ரெண்டு எலைக்கா ஐஸ் பொட்டி தூக்கினு வந்த? என் மாடுகூட இத இவ்ளோ மருவாதியா துன்னாதும்மா."

ஆய்வகத்தில் இலைகளை அரைத்து டி.என்.ஏ. பிரித்தேன். ப்ரைமர் என்கிற சின்னத் துண்டுகளைச் சேர்த்து மெஷினில் வைத்தால், டி.என்.ஏ.வில் அவை ஒட்டுகிற இடங்கள் மட்டும் பெருகும். அதை ஜெல்லில் ஓட்டி, புற ஊதா விளக்கில் பார்த்தால் ஆரஞ்சு நிறக் கோடுகள் தெரியும். ரகத்துக்கு ரகம் கோடுகள் மாறும். ஒரே செடியென்றால் மாறாது.

ஒருநாள் மேடம் என் பின்னால் வந்து நின்றார். "இந்த ரெண்டு சாம்பிளை மட்டும் ஏன் எப்பவும் பக்கத்துல பக்கத்துல ஓட்டற?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"இவ்ளோ கோபத்தோட கோடு எண்ணினா, இல்லாத கோடும் உன் கண்ணுக்குத் தெரியும். இனிமே ட்யூப்ல பேர் கிடையாது. நான் நம்பர் போடறேன். எது எந்த ரகம்னு என்கிட்ட மட்டும் இருக்கும்."

ஏழெட்டு மாதம் வெறும் எண்களைப் பார்த்துக் கோடு எண்ணினேன். எந்த ப்ரைமரைப் போட்டாலும் நான்காம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் ஒரு கோடு விடாமல் ஒன்றாகவே வந்தன. மற்ற எட்டும் வேறு வேறாக இருந்தன. ஒவ்வொரு முறை அந்த இரண்டைப் பார்க்கும்போதும் என் வாயில் இனிப்பு ஊறியது. திருடன், மாட்டிக்கொண்டான்.

கடைசியில் மேடம் தன் மேஜை டிராயரிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். நான்கு, பண்ணை விஞ்ஞானியின் புதிய ரகம். ஒன்பது, நாட்டில் பாதிப் பேர் ஏற்கெனவே வாய்க்கால் ஓரத்தில் நட்டு வைத்திருக்கும் பழைய ரகம். என் பதினேழு ஆறாம் எண்ணில் இருந்தது. எதனோடும் சேராமல்.

அவர் என் செடியைத் திருடவே இல்லை. தண்ணீரும் உரமும் கொடுத்தால் எந்தப் புல்லும் தளதளவென்றுதான் நிற்கும். பழையதைத் தளதளக்க வைத்துப் புதுப் பெயர் சூட்டியிருந்தார். என்னுடையது திருடக்கூட லாயக்கில்லை என்று உழுது போட்டிருந்தார். திருடியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றார் மேடம்.

"எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்."

அடுத்த கருத்தரங்கில் நான் பேசுவதாக முடிவானதும், அந்த விஞ்ஞானிக்கும் அழைப்பு அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். உறையின் மேல் முகவரியை நானே எழுதினேன். வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான்கும் ஒன்பதும் ஒன்று என்று காட்டினேன், பெயர் சொல்லவில்லை. யாராவது கேட்பார்கள் என்று தெரியும். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். முதல் வரிசையில் இருந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு ரகங்களின் பெயரையும் சொன்னேன்.

"சாம்பிள் மிக்ஸ் ஆகியிருக்கும்மா" என்றார். குரல் கொஞ்சம் பிசிறியது.

"கரணை வாங்கின தாள்ல நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டீங்க. மறுபடியும் வயல்லேர்ந்து எடுத்துட்டு வந்து ஓட்டிட்டேன். மூணு தடவையும் இதேதான்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. எனக்குப் பிடித்த சத்தங்களில் அதுவும் ஒன்று.

விசாரணைக் குழு போட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்து நட்டுப் பார்த்தார்கள். ரகம் திரும்பப் பெறப்பட்டது. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை, பண்ணையும் கையை விட்டுப் போனது.

ஒரு மத்தியானம் என் ஆய்வகத்துக்கே வந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. சாம்பிளில் சந்தேகம் இருக்கிறது என்று ஒரு கடிதம் வேண்டுமாம். "ரிட்டயர்மென்ட் கிட்ட வந்துடுச்சும்மா. அசிங்கமா போக வேணாம்னு பார்க்கறேன்."

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்து முடித்த பிறகு கேட்டேன். "பதினேழாம் செடியை ஏன் சார் உழுதீங்க?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"எந்தப் பதினேழு?"

கடிதம் தர முடியாது என்று சொன்னேன். அவர் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார். ஜன்னலுக்கு வந்து நின்றேன். கீழே வாசலில், தாம்பரம் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் ஜீப்பில் போய் வந்த மனிதர். காவலாளி கையை நீட்டிக் காட்ட, வெயிலில் சாலையைக் கடந்தார். பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். வெகுநேரம் வரவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.