மாறி வந்த தட்டு

போர்ட் பிளேரில் வைஜெயந்தி என்று விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். டயட் மேடம் என்று கேளுங்கள், சாத்தம் துறையில் படகுக்குக் காத்து நிற்கிறவன்கூட டெலானிபூர் மேட்டிலிருக்கும் அவள் குவார்ட்டர்ஸுக்கு வழி சொல்வான். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். சர்க்கரை வியாதிக்காரனைப் பார்க்க வருகிறவர்கள் லட்டு கொண்டுவந்தால் வார்டு வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவாள். தமிழில் ஆரம்பிக்கும் திட்டு இந்தியில் உச்சத்துக்குப் போய்ச் சிரிப்பில் முடியும். மெயின்லேண்டிலிருந்து காய்கறிக் கப்பல் வராத நாட்களில் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். அவள் மட்டும் பெரார்கஞ்ச் கிராமத்திலிருந்து பூசணியும் பப்பாளிக்காயும் வரவழைத்து அன்றைய பாட்டைச் சமாளித்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன் நாற்காலியில் அவளை உட்கார வைத்தது அவள் புருஷன் நாகலிங்கம். சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தவர். சென்னையில் அவளுக்குப் படிக்க இடம் கிடைத்தபோது மகள் கார்த்திகாவுக்குப் பால் பல்கூட விழவில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவள் ஒரு பொம்பளையா என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் வாயில் போட்டு மென்றது. அவரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவளைக் கப்பலேற்றிவிட்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். சமையல், துவையல், மகளுக்குச் சடை பின்னுவது எல்லாம் அவர்தான். பொண்டாட்டி படிக்கிறாள், நீ பால் பாட்டில் கழுவுகிறாயா என்று மில்லில் இந்தியிலும் தெலுங்கிலும் கிண்டல் செய்தார்கள். ஆமாம், நன்றாகக் கழுவுவேன், உன் வீட்டுப் பாட்டிலையும் கொண்டு வா என்பார். அப்படியொரு மனுஷன் வாய்க்க அவள் கொடுத்துத்தான் வைத்திருந்தாள்.

வேலை கிடைத்த பிறகு வார்டுக் கதைகளெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தன. ஒருமுறை மனசு கனத்துப்போய் ஒன்று சொன்னாள். இன்னாருக்கு ஆசைப்பட்டதைக் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதினால், மருந்துக்கு இனி வேலையில்லை என்று அர்த்தம். அந்த ஆட்களுக்கு உப்பும் உறைப்புமாகத் தட்டு அனுப்புவாள். உடம்பு தேறிவிட்டது என்று நினைத்து அவர்கள் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். அதை நின்று பார்க்க மட்டும் அவளால் முடியாது. நாகலிங்கம் பிசைந்த சோற்றை வைத்துவிட்டு, பாவம் என்றார்.

பிறகு அவருக்கே வந்தது. கால் வீங்கியிருந்ததை மில்லில் நின்று நின்று வந்த வீக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் வார்டில் எத்தனையோ பேரின் வீங்கிய கால்களைப் பார்த்தவளுக்கு வீட்டுக்காரர் கால் கண்ணில் படவில்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்த அன்று அவள் ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தாள். அவளுக்கே சர்க்கரை இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். மகள் தருகிறேன் என்றதற்கு அவர் காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் சென்னையில் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவானுடையது கிடைத்தால் போன் வரும். அதுவரை வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டு உடம்பு தாங்க வேண்டும்.

தாங்க வைத்துக் காட்டுகிறேன் என்று அவள் கச்சை கட்டினாள். வீட்டில் உப்புக்குத் தடை. காயை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, வடித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மிஞ்சிய சக்கையைப் பரிமாறினாள். தண்ணீர்கூட டம்ளர் அளவுதான். தெருவுக்குத் தெரு இளநீர் குவிந்து கிடக்கும் ஊரில் அவருக்கு ஒரு வாய் இளநீர் கிடையாது. பெரார்கஞ்சில் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் அப்பளத்தை எடுக்கப்போக, எல்லோரும் பார்க்க அதைக் கையிலிருந்து பிடுங்கினாள். அவர் வெறும் இலைக்கு முன்னால் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். வளர்ந்து பெரியவளாகிவிட்ட கார்த்திகாவுக்கு அது பொறுக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அம்மா, நீ அப்பாவுக்குப் பொண்டாட்டியா, டயட் மேடமா?"

நாகலிங்கம்தான் மகளை அதட்டினார். அம்மா சொல்வது அவள் படித்த படிப்பு, அதைக் குறை சொல்லாதே என்றார். அந்தப் படிப்பே தன்னைப் பிழைக்க வைக்கும் என்று அந்த மனுஷன் மனதார நம்பினார்.

கோடை மழை தொடங்கிய சமயம் டாக்டர் அவளைத் தனியாக அழைத்தார். இதயம் பலவீனமாகிவிட்டது, அறுவை சிகிச்சையைத் தாங்காது, சென்னைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்றார். தயங்கித் தயங்கி, இனி அவர் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டிய வாக்கியமா அது?

வருகிற வழியில் வஞ்சிரம் வாங்கினாள். கார்த்திகாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். இருவருமாகத் தேங்காய் அரைத்து, புளி கரைத்து, உப்புப் போட்டுக் குழம்பு வைத்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு, ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தவருக்கு வைஜெயந்தி தட்டைக் கொண்டுபோனாள்.

வாசனை பிடித்ததுமே அவர் முகம் விரிந்தது. சோற்றைப் பிசைந்து உருட்டினார். வாய்க்குக் கொண்டுபோன கை நடுவில் நின்றது.

"என்ன ஜெயந்தி இது, உப்பும் புளியுமா? டாக்டர் எதும் சொன்னாரா?"

அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உன் வார்டுல எழுதுவாங்கன்னு சொல்லுவியே... எனக்கும் எழுதிட்டாங்களா?"

எத்தனையோ கேலிக்குச் சிரித்த முகம் பயந்து வெளிறிப்போயிருந்தது. சாவுக்கு இந்த மனுஷன் இவ்வளவு பயப்படுவார் என்று அவள் நினைத்ததில்லை.

"ஐயோ, இது கார்த்திகா தட்டுங்க. மாத்திக் கொண்டாந்துட்டேன்."

அவர் நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். உருண்டையைத் தட்டிலேயே உதறினார்.

"நல்லவேளை, வாயில வைக்கல. சென்னையிலேர்ந்து போன் வர்ற நேரத்துல நானே கெடுத்துக்க இருந்தேன் பாரு."

தட்டை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். வடித்த சுரைக்காயும் சோறும் கொண்டுவந்தாள். அதை அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, நீ சொல்கிறபடி இருந்தால் தேறிவிடுவேன் என்றார். ஏன் திருப்பிக் கொண்டுவந்தாய் என்று சமையற்கட்டில் கார்த்திகா கேட்டதற்கு, சாப்பிடவில்லை என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே, மத்தியானத் தூக்கத்தில், அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களில் வைஜெயந்தியின் பெரார்கஞ்ச் சித்தி ஒச்சம்மாவும் இருந்தாள். சாவு வீட்டில் எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

"கடைசியா ஆசப்பட்டது எதாச்சும் சாப்ட்டாராம்மா?"

"டாக்டர் குடுக்கச் சொன்னாரு பாட்டி," என்றாள் கார்த்திகா. "மீன் கொழம்பு வச்சோம். அம்மா தட்டத் திருப்பி எடுத்துட்டு வந்துட்டாங்க. ஒரு வாய் தரல."

நடந்ததைச் சொல்ல வைஜெயந்திக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் பயந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை பேரும், மகளும், தைரியசாலி என்று நினைத்து அழும் மனுஷனை அவளால் காட்டிக்கொடுக்க முடியவில்லை.

"ஆமா சித்தி," என்றாள். "நான்தான் குடுக்கல."

கார்த்திகா அவள் பக்கத்திலிருந்து எழுந்துபோய், எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.