இரண்டு பேருக்கான தோணி

அக்கரைப்பற்று பஸ்ஸுக்காகக் கல்முனையில் நின்றுகொண்டிருந்தபோது இல்யாஸின் மனைவி நஜீபா கோல் எடுத்தார். "காக்கா, அவர் மௌத்தாயிட்டாரு. லுஹர் தொழுகைக்குப் பிறகு எடுக்கிறம்." வந்த பஸ்ஸை விட்டுவிட்டு மரண வீட்டுக்குப் புறப்பட்டேன்.

நானும் இல்யாஸும் நில அளவை அலுவலகத்தில் பத்தொன்பது வருடங்கள் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தோம். அவருக்கு வரைபடம் கீறும் வேலை. "அடுத்தவன்ட வேலியக் கீறிக் கீறியே வயசு போயிட்டு மச்சான். வேலி இல்லாத இடம் ஒண்டப் பார்க்கணும்" என்பார்.

சிறுநீரகம் இரண்டும் பழுதென்று வைத்தியர்கள் சொன்ன மாதத்தில்தான் பாய்த்தோணி கட்டத் தொடங்கினார். டயலிசிஸ் இல்லாத நாட்களில் வீட்டு விறாந்தையில் வேலை நடந்தது. மெல்லிய பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் பைபர் துணி ஒட்டினார். படங்குத் துணியை வெட்டி நஜீபாவின் தையல் மெசினிலேயே பாய் தைத்தார். லொறியில் பொத்துவில் வரை கொண்டுபோய், அங்கிருந்து பாணமைக்கும் அப்பால் ரோட்டே இல்லாத கரைகளுக்குப் போக வேண்டும். இரண்டு டயலிசிஸுக்கு நடுவே கிடைக்கும் மூன்று நாட்கள்தான் அவருடைய கணக்கு.

"பலகை இவ்வளவு மெல்லிசா?" என்று கேட்டேன்.

"நான் தனியத் தூக்கணும். இந்த உடம்பு இன்னும் மெலியும்" என்றவர், "ரெண்டு பேருக்கு இடம் வெச்சிரிக்கன். நீ வாறதானே?" என்றார்.

"ஓம், வாறன்" என்றேன்.

போன வருடம் கிட்டங்கி ஆற்றில் தோணியை இறக்கினார். பாயில் காற்றுப் பிடித்ததும் சத்தமாகச் சிரித்தார். கரைக்குத் திரும்பி, முன்பலகையைத் தட்டி "ஏறு" என்றார். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. மகளின் பள்ளிக்கூடச் சோதனை முடியட்டும் என்றேன். பிறகு லீவு இல்லை என்றேன். பிறகு கடல் அடங்கட்டும் என்றேன். தனியே போக அவர் சம்மதிக்கவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் அவரை அறிந்த பலர், அவர் ஏன் போகவே இல்லை என்று அடக்கத்தன்று ஜனாஸா வீட்டில் கேட்டீர்கள். நான்தான் காரணம். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். கடற்கரை ஊரில் பிறந்தவன் ஐம்பது வயதில் அதைச் சொல்ல வெட்கப்பட்டேன்.

கால்கள் வீங்கி வைத்தியசாலையில் கிடந்தவரிடம், "அடுத்த கிழமை போவம்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி ஏலா மச்சான்." அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபித்திருக்கலாமே.

தோணி இன்னும் விறாந்தையில் கிடக்கிறது. "கொண்டு போங்க காக்கா, பார்க்க ஏலாம இரிக்கி" என்கிறார் நஜீபா. அதைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. இல்யாஸுக்காகக் குர்ஆன் கத்தம் ஓதிய அன்று நஜீபா தந்த ஒரு தாளை மட்டும் வாங்கி வந்தேன். இல்யாஸ் கீறிய பயணப் படம் அது. கோடு ஓரிடத்திலும் ஆழ்கடலுக்குப் போகவில்லை, கரையை ஒட்டியே நகர்கிறது. ஆற்றுவாய் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "இங்க அலை கூட. அவன் பயப்படுவான். இறங்கி மணலால நடக்கட்டும், நான் தனியக் கொண்டு போறன்."

அவருடையதென்று என்னிடம் இருப்பது இந்தத் தாள் மட்டும்தான்.