புளியமரத் திருப்பத்தில் நான் அடித்த ஹாரன்

ஜீப் மாணிக்கம் இறந்துபோன செய்தி, நான் இப்போது வேலை பார்க்கும் போளூர்ப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் எனக்கு வந்தது. மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் நான் முன்பு வேலை பார்த்த பள்ளியின் சமையல்காரர் ராணியம்மா போன் செய்தார். "சார், நம்ம ஜீப்புக்காரரு பூட்டாரு. காலைல வண்டியத் தொடச்சிக்கினு இருந்தாராம். நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தவருதான்" என்றார். "சார், லைன்ல கீறீங்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, சிக்னல் போய்விட்டது என்று நினைத்து அவரே வைத்துவிட்டார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஆலங்காயத்திலிருந்து மலைக்கு அவர் வண்டியில் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இடமில்லை என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. உள்ளே பதினைந்து பேர், பின்னால் தொங்கிக்கொண்டு நான்கு பேர், மேலே ரேஷன் அரிசி, அதற்கும் மேலே யாரோ ஒருவரின் ஆடு. "இன்னும் ரெண்டு பேருக்குத் தாராளமா எடம் கீது, ஏறினவங்க மூச்ச மட்டும் கொஞ்சம் புடிச்சிக்கோங்க" என்பார். நான் முன்சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புதிதாக வேலைக்கு வந்த வாத்தியார், சட்டை கசங்குகிறதே என்ற கவலை எனக்கு.

தார் ரோடு முடிகிற இடம்தான் புளியமரத் திருப்பம். எங்கள் பள்ளி அதற்கும் மேலே, மண்பாதையில் ஜீப் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தது. திருப்பத்துக்கு எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் புங்கங்கொல்லை. கண்ணுக்கு எதிரே வீடுகள் தெரியும். ஆனால் இறங்கி ஏறிப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போன் எடுக்காது. அதனால் ஹாரன்தான் அவர்களுக்குத் தபால், தந்தி எல்லாம். சின்னதாக இரண்டு அடித்தால் வண்டி கிளம்பப் போகிறது. மூன்று அடித்தால் யாருக்கோ சாமான் வந்திருக்கிறது, இறங்கி வாங்க. கையை எடுக்காமல் நீளமாக ஒன்று அடித்தால், கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் இறந்துவிட்டார். பிணம் வந்து சேர்வதற்குள் குழி வெட்டி வைக்க வேண்டுமே, அதற்காக இந்த ஏற்பாடு. இதையெல்லாம் மாணிக்கம் எனக்குச் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். மலைக்கு வந்து மூன்று மாதம் ஆகியும் எனக்கு அந்த ஊர்களின் பேர்கூடச் சரியாகத் தெரியாது.

அந்தச் சமயத்தில் புங்கங்கொல்லைச் சின்னசாமியின் மனைவி செல்வியைச் சாமை அறுக்கும்போது பாம்பு கடித்துவிட்டது. பிள்ளைகளையும் மாட்டையும் பார்க்க ஆள் இல்லாமல் சின்னசாமி ஊரிலேயே தங்கிவிட, அவருடைய அண்ணன்தான் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தார். மூன்றாம் நாள் காலை மாணிக்கம் நல்ல செய்தியோடு வண்டியை மலைக்கு ஓட்டி வந்தார். செல்வி கண் விழித்துவிட்டாள். மற்றவர்கள் முந்தைய ஊர்களில் இறங்கிவிட்டதால் வண்டியில் நான் மட்டும்தான். திருப்பத்தில் நிறுத்தி, "ரேடியேட்டர் கொதிக்குது சார், தண்ணி மொண்டாறேன். வந்து சின்னசாமிக்கு ஹாரன் குடுக்கலாம்" என்று சொல்லி ஓடைக்கு இறங்கினார். அன்றைக்குப் பள்ளிக்கு அதிகாரி வருகிற நாள். பத்து நிமிடம் ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. இந்த ஆள் ஓடையில் குளிக்கவே ஆரம்பித்துவிட்டான் என்று எனக்குக் கோபம் வந்தது. எட்டி, ஹாரனை உள்ளங்கையால் அழுத்தினேன். அவர் தலை தெரியும்வரை கையை எடுக்கவில்லை.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார் அவர். என் கையைத் தட்டிவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்தார். புங்கங்கொல்லையிலிருந்து அழுகைச் சத்தம் கிளம்பியது. பள்ளத்தைத் தாண்டி அது எங்களுக்குக் கேட்டது. அவர் சின்னச் சின்னதாக ஹாரனை அடித்துப் பார்த்தார். பிரயோசனமில்லை. ஆள் சாகவில்லை என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு ஹாரன் கிடையாது. "ஓடியா சார்" என்று சொல்லிப் பள்ளத்தில் இறங்கினார். நானும் ஓடினேன். வழியிலேயே நான் செய்தது என்ன என்று மூச்சிரைக்கச் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் ஆழம் வெட்டியிருந்தார்கள். சின்னசாமி வீட்டு வாசலில் மண்ணில் கிடந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம் முந்திக்கொண்டார். "செல்வி நல்லா கீது சாமி, கண்ணு முழிச்சிடுச்சி. நான்தான். கை பட்டு அமுங்கிடுச்சி." சின்னசாமி எழுந்து வந்தார். ஓங்கி ஒரு அறை விட்டார். மாணிக்கம் கன்னத்தைக்கூடத் தடவவில்லை, நின்றுகொண்டே இருந்தார். வெட்டின குழியைச் சும்மா மூடக்கூடாது என்று அந்த ஊரில் ஒரு வழக்கம். ஒரு வாழைத்தண்டை உள்ளே கிடத்தி, செல்வி பேரைச் சொல்லாமல் மூடினார்கள். அதற்கும் மாணிக்கம்தான் மண் தள்ளினார். நான் ஒரு ஓரமாக, கசங்காத சட்டையோடு நின்றேன்.

திரும்பும்போது, "நான் சொல்லிடறேண்ணே" என்றேன். அவர் நிற்காமலே பேசினார். "வேணாம் சார். வாத்யாரு உசுரோட கீறவளுக்குக் குழி வெட்ட வச்சாருன்னா, நாளைக்கு எவன் புள்ளைய அனுப்புவான்? இப்பதான் நாலு புள்ளைங்க வருதுங்க. என்னிய இன்னா பண்ணுவானுங்க? ஜீப்பு வேணுமே, வந்துதான ஆவணும்." எனக்கு அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டது என்று எழுதுவது பொய். எனக்கு நிம்மதியாக இருந்தது.

எல்லோரும் வந்தார்கள். சின்னசாமி மட்டும் வரவில்லை. நான் அங்கே இருந்த பதினொரு வருஷமும் அவர் அந்த ஜீப்பில் ஏறவில்லை. புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆலங்காயம்வரை நடந்தார். வழியில் அவரைப் பார்த்தால் மாணிக்கம் வண்டியை மெதுவாக்கி, "ஏறு சாமி" என்பார். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். கொஞ்ச தூரம் அவர் நடையோடு நடையாக வண்டி போகும். பின்னால் இருப்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகுதான் கியர் மாறும். அப்போதெல்லாம் நான் முன்சீட்டில் இருந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வேன்.

சாவுச் செய்திக்கு ஹாரன் அடிப்பதையும் அவர் அன்றோடு விட்டுவிட்டார். எந்த ஊராக இருந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு, மூட்டு வலியோடு நடந்து போய் வீட்டு ஆளிடம் நேரில் சொல்வார். "வாயால சொன்னாத்தான் சார், கூட உக்காந்து ஒரு சொம்புத் தண்ணி குடுத்துட்டு வர முடியுது" என்று ஒருமுறை சொன்னார். குத்திக்காட்டுகிற மனுஷன் இல்லை அவர். எனக்குத்தான் குத்தியது.

ஆலங்காயத்தில் நடந்த அடக்கத்துக்கு மலையே இறங்கி வந்திருந்தது. செல்வியும் வந்து அழுதாள். சின்னசாமி வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் புங்கங்கொல்லைக்குப் போனேன். அவர் களத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு அந்த ஹாரனை அழுத்தியது என் கை என்றேன்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த கோலைக் கீழே வைத்தார். பிறகு, "ஒவ்வொரு தபாவும் நிறுத்துவாரு சார்" என்றார். "ஏறு சாமின்னு கூப்புடுவாரு. ஒரு தபாகூட நான் மூஞ்ச பாக்கல." தட்டிய புளியைக் கையால் ஒதுக்கினார். "போன வாரம்கூட நிறுத்தினாரு. இத நீங்க அதுக்கு முன்னாடி வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

இந்த நினைவுக் கூட்டத்தில் வாசிக்க, மாணிக்கம் அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லித்தான் கேட்டார்கள். அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் நான் சொல்ல முடிந்தது இதுதான். ஊர் அவர்மேல் போட்ட பழி என்னுடையது. அதை நான் வாங்கிக்கொண்டேன். சின்னசாமியின் அந்தக் கேள்வியும் என்னிடம்தான் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். அதைக் காதால் கேட்க வேண்டிய மாணிக்கம் அண்ணன் இல்லை.